அடியில் வெளிச்சம் தெரியும் பாறை: இயற்கையா, மனிதர் வைத்ததா?

கேள்வி, மார்ச் 2

காட்டுப் பாதையை விட்டு விலகிச் சரிவில் இறங்கியபோது ஒரு பெரும்பாறையைப் பார்த்தேன். நீளம் மூன்று மீட்டர், அகலம் இரண்டு, உயரம் ஒன்றரை இருக்கும். அது தரையில் படியவில்லை. மூன்று சிறு கற்கள் அதைத் தாங்கி நிற்கின்றன. குனிந்து பார்த்தால் மறுபக்கத்து வெளிச்சம் தெரிகிறது. சுற்றுவட்டத்தில் இதுபோல் வேறொன்று இல்லை. மூன்று கால் கொடுத்து இப்படி நிறுத்த மனிதர்களால்தான் முடியும் என்பது என் முடிவு. பழங்காலத்தவர் கல்லால் எழுப்பிய ஈமச்சின்னமான கல்திட்டையாக இருக்கலாம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

பதில், மார்ச் 2, இரவு

பெரும்பாறையைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். எல்லோரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். முட்டுக் கொடுத்து நிற்கும் மூன்று சிறு கற்களின் படம் வேண்டும். மேலே இருக்கும் பாறையும் அவையும் ஒரே வகைக் கல்லா? அவை தரையோடு ஒட்டிய பாறையின் பகுதியா, அல்லது தனிக் கற்களா? ஒவ்வொன்றும் பெரும்பாறையைத் தொடும் இடம் எப்படி இருக்கிறது? இவை தெரியாமல் இயற்கை என்றும் சொல்ல முடியாது, மனிதர் என்றும் சொல்ல முடியாது.

அடியில் நுழைந்து படம் எடுக்காதீர்கள். வெளியே படுத்துக்கொண்டு டார்ச் அடித்தால் போதும். உள்ளே கையை விடுவதற்கு முன் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். நமக்கு அதிசயமாகத் தெரியும் அந்த இடம் பாம்புக்கு வீடு.

மார்ச் 4

“மனிதர் வைக்காமல் எப்படி?” என்ற கேள்வி எனக்கும் பல வருடம் இருந்தது. காடுகளில் நடக்கிற எவருக்கும் வரும். அதை விட்டு விலக எனக்கு உதவியது வேறொரு கேள்வி: இந்தப் பாறையை யார் தூக்கினார்கள் என்பதை விட்டுவிட்டு, இதன் அடியிலிருந்து எது போனது என்று கேட்பது.

கருங்கல் (கிரானைட்) மலை பார்வைக்கு ஒரே கட்டியாகத் தெரியும். உள்ளே அது வெடிப்புகளால் கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கிறது. ஆழத்தில் உருவான பாறை, மேலிருந்த சுமை அரித்துப்போகப் போக, அழுத்தம் குறைந்து வெடிப்பு விடுகிறது. மழைநீர் அந்த வெடிப்புகளின் வழியே இறங்குகிறது. கருங்கல்லில் உள்ள கனிமங்களில் ஃபெல்ட்ஸ்பார் நீர் பட்டுக் களிமண்ணாக மாறுகிறது, கரு மைக்கா ஊதிப் பெருக்கிறது, குவார்ட்ஸ் மட்டும் மாறாமல் மணலாக உதிர்கிறது. ஒரு கட்டத்தின் முகத்தை நீர் ஒரு பக்கமிருந்து தாக்கினால், மூலையை மூன்று பக்கமிருந்து தாக்குகிறது. ஆகவே மூலைகள் முதலில் போகின்றன. மண்ணுக்கு அடியிலேயே சதுரம் உருண்டையாகிறது. அதைச் சுற்றி வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காக உரியும் நொய்ந்த கல் நிற்கிறது. பிறகு மேல்மண்ணும் நொய்ந்த கல்லும் மழையில் போய்விட, உருண்டைகள் இருந்த இடத்திலேயே, ஒன்றன்மேல் ஒன்றாக வெளியே வருகின்றன. இங்கிலாந்தின் டார்ட்மூர் பாறைக் குவியல்களை ஆராய்ந்த டேவிட் லின்டன் என்ற புவியியலாளர் 1955இல் இந்த இரண்டு கட்ட விளக்கத்தை முன்வைத்தார்: முதலில் மண்ணுக்குள் சிதைவு, பிறகு மண் விலகல். ஹம்பியைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளைப் பார்த்தவர்களுக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

இதை நான் படித்து நம்பியதைவிட ஒரு பாறையின் அடியில் பார்த்துத்தான் நம்பினேன். ஆள் உயரப் பாறை, அதற்கு இரண்டு முட்டுக் கற்கள். பாறையின் பக்கவாட்டில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் குவார்ட்ஸ் கோடு சாய்வாக இறங்கியது. அடிவிளிம்பு வந்ததும் கோடு முடிந்துவிட்டது. டார்ச்சைத் தாழ்த்திப் பார்த்தால், முட்டுக் கல்லின் மேல்முகத்தில் அதே கோடு, அதே அகலம், அதே சாய்வு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து போகிறது. இரண்டுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய நொறுங்கல் படலம். நகத்தால் சுரண்டினேன், ரவை ரவையாக உதிர்ந்தது. விரலில் ஒட்டிய மைக்காத் துணுக்குகள் மின்னின. மேலே இருந்ததும் கீழே இருந்ததும் ஒரு காலத்தில் ஒரே பாறை. நடுவிலிருந்த வெடிப்பு மட்டும் தின்னப்பட்டிருக்கிறது. அந்தப் பாறையை யாரும் அங்கே வைக்கவில்லை. அது அங்கேயே இருந்தது.

ஆகவே உங்கள் பாறையில் முதலில் கோடுகளைத் தேடுங்கள். குவார்ட்ஸ் கோடு, கரும்பட்டை, கனிமங்கள் வரிசையாகப் படிந்த தடம், எதுவானாலும் சரி. அது இடைவெளியைத் தாண்டி முட்டுக் கல்லிலும் தொடர்ந்தால் வழக்கு முடிந்தது.

மார்ச் 5

நேற்று எழுதியதற்குப் பதிலாக ஒருவர் அமெரிக்கப் பாறை ஒன்றின் படத்தைப் போட்டு, “இதற்கு உங்கள் மழைநீர்க் கதை பொருந்துமா?” என்று கேட்டிருக்கிறார். பொருந்தாது. அங்கே நடந்தது வேறு.

அந்தப் படத்தில் இருப்பது நியூ ஜெர்சியின் பிரமிட் மலைக் காட்டில் உள்ள முக்காலிப் பாறை. சுமார் 160 டன். மூன்று சிறு கற்களின் மேல் நிற்கிறது. அதே நாட்டில், நியூயார்க் மாநிலத்தின் வடக்கு சேலத்தில் சுமார் 60 டன் எடையுள்ள கிரானைட் பாறை ஒன்று சுண்ணாம்புக் கற்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேலே ஒரு வகைக் கல், கீழே இன்னொரு வகை. வெடிப்பு விட்டு நின்ற ஒரே பாறை என்ற விளக்கம் அங்கே செல்லாது. அதனாலேயே அதைக் கல்திட்டை என்று வாதிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்தப் பகுதிகளை முழுவதுமாகப் பனிப்படலம் மூடியிருந்தது. கடைசிப் பனிக்கட்டிக் காலத்தின் உச்சம் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன். நகரும் பனி தன் வழியில் உள்ள பாறைகளைப் பெயர்த்து, சிறிதும் பெரிதுமாகச் சுமந்து வருகிறது. உருகும்போது சுமையை இருந்த இடத்தில் இறக்கிவிடுகிறது. பனிக்குள் பெரும்பாறைக்குக் கீழே சிறு கற்களும் மணலும் சேறும் இருந்தால், பனி உருகப் பெரும்பாறை மெதுவாக அவற்றின் மேல் இறங்கும்; பிறகு உருகுநீர் மணலையும் சேற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது கற்கள் மட்டும். இங்கேயும் நான் கேட்ட அதே கேள்விதான் வேலை செய்கிறது: அடியிலிருந்து போனது எது?

பின்லாந்தின் ருவோகொலாட்டி காட்டில் கும்மாகிவி என்ற பாறை இருக்கிறது. ஏழு மீட்டர் நீளம், வளைந்த வழுக்குப் பாறையின் முதுகில் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. அதுவும் பனி விட்டுச் சென்றதுதான்.

இப்படி இடம் மாறிக் கிடக்கும் பாறைகளைப் பெருவெள்ளம் கொண்டுவந்தது என்றே ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பினார்கள். 1837இல் சுவிட்சர்லாந்தின் நூஷாத்தெல் நகரில் லூயி அகாசி என்ற ஆய்வாளர் பனிக்கட்டிக் காலம் என்ற கருத்தை முன்வைத்தபோது அறிஞர் கூட்டம் அதை ஏற்கவில்லை. ஆல்ப்ஸ் மலையின் கிரானைட், சுண்ணாம்புக்கல்லாலான ஜூரா மலைமேல் கிடப்பதற்குப் பனியைவிட நல்ல விளக்கம் வேறில்லை என்பதால் பின்னர் ஏற்றுக்கொண்டார்கள்.

முதலில் தீர்க்க வேண்டியது இதுதான்: நீங்கள் நடந்த காட்டைப் பனிப்படலம் எப்போதாவது மூடியிருந்ததா? நான் நடக்கும் காடுகளை மூடியதில்லை. அங்கே வேறு வகைக் கல்லின் மேல் பெரும்பாறை நின்றால் என் காது விடைத்துக்கொள்ளும்.

மார்ச் 5, சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போயிற்று. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் நார்பர் என்ற சரிவு இருக்கிறது. கறுத்த கடினப் பாறைகள் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பீடங்களின் மேல் நிற்கின்றன. பீடங்கள் பலவற்றின் உயரம் முப்பது சென்டிமீட்டர் அளவு. பனி கொண்டுவந்து போட்டபோது பீடம் எதுவும் இல்லை, சமதளம்தான். அதன்பின் மழை சுண்ணாம்புத் தரையைக் கரைத்துக்கொண்டே வந்தது. பாறை குடை பிடித்த இடம் மட்டும் கரையாமல் நின்றது. பாறை உயரவே இல்லை, தரைதான் இறங்கியது. இந்த ஒரு காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் போனால் பாதிப் புதிர்கள் தானே அவிழும்.

மார்ச் 9

“ஏன் சரியாக மூன்று? இரண்டு இல்லை, ஐந்து இல்லை. மூன்று என்றால் யோசித்து வைத்திருக்கிறார்கள்” என்று ஒரு வாதம். இதற்குத் தனியாகப் பதில் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் இந்த மூன்றுதான் பலரை மயக்குகிறது.

வளையாத கனமான பொருள் கரடுமுரடான தளத்தில் நிலைகொள்ளும்போது மூன்று புள்ளிகளில்தான் நிலைகொள்ளும். நான்காவது கல் ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தாலும் அதில் சுமை ஏறாது. ஐந்து கற்கள் இருந்த இடத்திலும் சுமை ஏறாத இரண்டை மழையும் சரிவும் நாளடைவில் நகர்த்திவிடும், சுமை ஏறிய மூன்று மட்டும் அசையாமல் நிற்கும். மூன்று என்பது திட்டமிட்டதற்குச் சான்றாகாது.

இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு காகிதத் துண்டை முட்டுக் கல்லுக்கும் பாறைக்கும் நடுவே எல்லாப் பக்கமிருந்தும் செலுத்திப் பாருங்கள். சுமை தாங்கும் கல்லில் எங்காவது ஓரிடத்தில் காகிதம் முட்டி நிற்கும். தடையில்லாமல் மறுபக்கம் வரை போய் வந்தால் அந்தக் கல் எதையும் தாங்கவில்லை. பாறை அங்கே வந்து நிலைத்த பிறகு யாரோ செருகியது, அல்லது சரிவில் உருண்டு வந்து ஒதுங்கியது.

எடைக் கணக்கையும் எழுதிவிடுகிறேன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்குங்கள். உருண்டை வடிவம் என்பதால் அதில் பாதியை எடுங்கள். கிரானைட்டுக்கு 2.7ஆல் பெருக்கினால் டன் கணக்கு வந்துவிடும். உங்கள் பாறை சுமார் 12 டன். இத்தனை எடையைச் சிறு கற்கள் தாங்குமா என்றால், தாராளமாகத் தாங்கும். நல்ல கிரானைட் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரை டன் வரை நசுங்காமல் தாங்கக்கூடியது. அந்தக் கணக்குப்படி 160 டன் முக்காலிப் பாறைக்கே மொத்தத் தொடுபரப்பு உள்ளங்கையளவு இருந்தால் போதும்.

மார்ச் 10

12 டன் என்று நான் எழுதியதைப் பிடித்துக்கொண்டு, “அப்படியானால் மனிதர் தூக்கியிருக்கவே முடியாது, இயற்கைதான்” என்று இப்போது மறுபக்கத்தில் ஒருவர் துள்ளுகிறார். அதுவும் தவறு. பாறையை யாரும் முழுதாகத் தூக்க வேண்டியதில்லை. ஒரு விளிம்பை நெம்பி, விரற்கடை உயர்த்தி, அடியில் ஒரு சில்லைக் கொடுத்து, மறுவிளிம்பை நெம்பி, அங்கேயும் ஒரு சில்லைக் கொடுத்து, இப்படியே மாறி மாறி உயர்த்தலாம். நீண்ட மரத்தடியும், பொறுமையும், நாலைந்து ஆட்களும் இருந்தால் நடக்கும் வேலை. பளுவை வைத்து மட்டும் இரு தரப்பும் எதையும் நிறுவ முடியாது.

அயர்லாந்தின் தென்மேற்கில், கார்க், கெர்ரி மாவட்டங்களில், வெண்கலக் கால மனிதர்கள் இதையே செய்திருக்கிறார்கள். ஒரு முரட்டுப் பாறை, அடியில் மூன்று நான்கு தாழ்ந்த கற்கள், அவ்வளவுதான். செதுக்கல் இல்லை, அலங்காரம் இல்லை. பார்த்தால் பனி விட்டுப்போன பாறையென்றே தோன்றும். அகழ்ந்து பார்த்த ஓரிடத்தில் எரிந்த எலும்பு கிடைத்திருக்கிறது. எனவே “அழகாக இல்லை, ஆகவே மனிதர் செய்யவில்லை” என்ற முடிவுக்கும் அவசரப்படக் கூடாது.

முதல் நாள் குறிப்பில் ஒரே வகைக் கல்லா என்று பார்க்கச் சொன்னேன். அது பாதி விடைதான். மனிதர்களும் பக்கத்தில் கிடக்கும் கல்லைத்தான் எடுப்பார்கள். வகை ஒன்றாக இருப்பது போதாது. கோடு தொடர வேண்டும். வகை வேறாக இருந்தால், அதுவும் பனி வராத நிலத்தில், மனிதக் கை பட்டிருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

மார்ச் 16

கல்திட்டை பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேரளத்தின் மறையூர் மலைச்சரிவில் இருப்பவற்றையும், கர்நாடகத்தின் ஹிரேபெனகல்லில் பாறைமேட்டில் வரிசையாக நிற்பவற்றையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், நம் பக்கத்துக் கல்திட்டையின் உயிர் அதன் அறைதான். பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, நான்கு பக்கமும் அடைத்து, மேலே ஒரு பெரிய பாளத்தை மூடுகல்லாக வைப்பார்கள். பலவற்றில் முன்பலகையில் இடுதுளை எனப்படும் வட்டத் துளை ஒன்று இருக்கும். சுற்றிலும் கல்வட்டம் இருக்கலாம். ஹிரேபெனகல்லில் பலகைகளைப் பெயர்த்தெடுத்த குழியே பின்னர் நீர் தேங்கும் குளமாக நிற்கிறது. மனிதர் செய்த வேலைக்கு வேலை நடந்த இடமும் பக்கத்தில் இருக்கும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

ஆகவே பாறையை விட்டு இருபது முப்பது அடி தள்ளிப் போய் ஒரு சுற்று வாருங்கள். தரையில் வட்டமாகக் கற்கள் புதைந்திருக்கின்றனவா? பானை ஓடு கிடக்கிறதா? கறுப்பும் சிவப்புமாக இருந்தால் அது பழங்காலத்து ஓடாக இருக்கலாம், எடுக்காதீர்கள். கிடக்கும் இடத்திலேயே அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். வீட்டுக்கு எடுத்து வந்த ஓடு அலமாரிப் பொருள் மட்டுமே. கிடந்த இடத்தில் இருக்கும் ஓடு பேசும்.

உங்கள் விவரத்தில் அறை இல்லை, பலகை இல்லை. உருண்டைப் பாறையும் முட்டுக் கற்களும் மட்டுமே. கல்திட்டை என்ற பெயரை இப்போதைக்குக் கீழே வைத்துவிடுவோம்.

மார்ச் 17

கல்லுடைப்பவர்களின் வேலையையும் மறந்துவிடக் கூடாது. பாறை விளிம்பில் வரிசையாக, சம இடைவெளியில், நீள்சதுரக் குழிகள் இருந்தால் அவை ஆப்பு அடித்த குழிகள். வட்டத் துளையின் பாதி தெரிந்தால் துளையிட்டுப் பிளந்தது. கடப்பாரையால் நெம்பும்போது பாறை திரும்ப இறங்காமலிருக்க அடியில் சில்லுக் கொடுப்பது அவர்களின் அன்றாட வேலை. பாதியில் கைவிட்ட கல், முட்டுக் கொடுத்தபடியே நூறு வருடம் நிற்கும், நாம் அதைப் பார்த்து ஆதிமனிதன் என்போம்.

மார்ச் 23

பாறைமேல் படரும் கல்பாசியை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா என்று ஒருவர் கேட்டது நல்ல கேள்வி. வெளிச்சம் படும் பாறை முகத்தில் அது வட்டம் வட்டமாகப் படர்கிறது, மிக மெதுவாக. சில வகைகள் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக வளர்பவை. 1950களில் ரோலண்ட் பெஷல் என்ற ஆய்வாளர் இந்த வட்டங்களின் விட்டத்தைக் கொண்டு பாறை எவ்வளவு காலமாக வெளியே தெரிகிறது என்று கணிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். நம்மால் வயது கணிக்க முடியாது. ஆனால் ஒரு காரியம் செய்யலாம். முட்டுக் கல்லின் வெளிமுகத்தில் படர்ந்த பாசி, பாறை அழுத்தும் விளிம்பை ஒட்டி நிற்கிறதா, அல்லது அடியிலும் புகுந்து போகிறதா என்று பாருங்கள். இருட்டில் அது வளராது. அடியில் காய்ந்த பாசி நசுங்கிக் கிடந்தால், அந்தக் கல் முன்பு வேறெங்கோ வெயிலில் கிடந்தது, பிறகுதான் இங்கே வந்தது.

பக்கத்தில் ஒரு சேதி. செக் நாட்டு மணற்பாறைக் காடுகளில், சாய்ந்து நிற்கும் பாறைகளுக்கு அடியில் நடப்பவர்கள் சிறு குச்சிகளை முட்டாக நிறுத்திவிட்டுப் போகிறார்களாம், வரிசை வரிசையாக. மலையளவு பாறையைச் சுள்ளிகள் தாங்குவது போல ஒரு விளையாட்டு. எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. குச்சி மட்கிவிடும், பாறைக்கு எதுவும் ஆகாது. ஆனால் சிலர் குச்சிக்குப் பதில் கல்லை வைக்கிறார்கள். அங்கேதான் பின்னால் வருபவருக்குக் குழப்பம் தொடங்குகிறது.

மார்ச் 24

“லேசாகத் தள்ளிப் பார்த்தேன், ஆடுகிறது” என்று எழுதியவருக்கு. தயவுசெய்து இனி அதைச் செய்யாதீர்கள். உங்கள் உயிருக்காக மட்டும் சொல்லவில்லை.

இங்கிலாந்தின் கார்ன்வால் கடலோரத்தில் லோகன் பாறை என்றொரு பாறை, சுமார் 80 டன். கைவைத்துத் தள்ளினால் ஆடும், விழாது. 1824இல் கோல்ட்ஸ்மித் என்ற கடற்படை அதிகாரி, அதை விழச்செய்ய முடியும் என்று காட்டுவதற்காகத் தன் ஆட்களோடு கடப்பாரை கொண்டு நெம்பித் தள்ளிவிட்டார். ஊர் கொதித்தது. அதே ஆண்டு நவம்பரில் கடற்படை கொடுத்த கப்பிகளையும் சங்கிலிகளையும் கொண்டு அவரே அதைத் திரும்ப ஏற்றிவைக்க வேண்டியதாயிற்று. ஏற்றினார். ஆனால் முன்போல் அது எளிதில் ஆடவில்லை. ஒரு முழு ஊரும், கப்பல் தளவாடங்களும் சேர்ந்தும் இயற்கை வைத்த அந்தப் புள்ளியில் திரும்ப வைக்க முடியவில்லை.

2013இல் அமெரிக்காவின் கோப்ளின் பள்ளத்தாக்கில் ஒரு பாறைத்தூணின் தலையைச் சிலர் தள்ளி வீழ்த்திவிட்டு, யார் தலையிலாவது விழுந்துவிடக் கூடாதே என்றுதான் தள்ளினோம் என்றார்கள். வழக்கு நடந்து தண்டனை கிடைத்தது. பாறை கிடைக்கவில்லை. படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

மார்ச் 26

ஆடும் பாறைகளுக்கு இன்னொரு மதிப்பும் இருக்கிறது. நிலநடுக்க ஆய்வாளர்கள் இவற்றைச் சாட்சிகளாகப் பயன்படுத்துகிறார்கள். 1990களில் நெவாடா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் புரூன் இதைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர். விளிம்பில் நிற்கும் பாறை ஒன்றைக் கவிழ்க்க எவ்வளவு வலுவான அதிர்வு தேவை என்று கணக்கிட முடியும். பாறை முகத்தில் விண்கதிர் பட்டு உருவாகும் பெரிலியம்-10 அணுக்களை அளந்து, அது எத்தனை ஆயிரம் ஆண்டுகளாக அப்படி வெளியே நிற்கிறது என்றும் கணிக்க முடியும். இரண்டையும் சேர்த்தால், இத்தனை ஆயிரம் ஆண்டுகளில் இங்கே இந்த அளவுக்கு மேல் நிலம் ஆடியதில்லை என்று சொல்லலாம். எந்தக் கருவியும் அவ்வளவு காலத்துக்குப் பதிவு வைத்திருக்கவில்லை.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. பாறை அசலாக நிற்க வேண்டும். யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு முட்டுக் கல்லைச் செருகியிருந்தால் கணக்கு முழுவதும் பாழ்.

மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறை இந்த வரிசையில் வருமா என்று உடனே ஒரு கேள்வி. ஆறு மீட்டர் உயரம், சுமார் 250 டன், சரிவில் இப்போதே உருளும் போல நிற்கிறது. அது உருளாததற்கு மந்திரம் தேவையில்லை. கிரானைட்டின் மேல் கிரானைட் வழுக்காமல் நிற்கும் சரிவு ஏறக்குறைய முப்பது பாகை வரை போகும். அடியில் பாறை தொடும் பரப்பும், படம் எடுக்கும் கோணத்தில் தெரிவதைவிட அகலமானது. பக்கவாட்டில் நின்று பாருங்கள், பயம் பாதி குறையும், வியப்பு குறையாது.

ஏப்ரல் 6

கேள்வி கேட்டவர் படங்களோடு திரும்பி வந்திருக்கிறார். மிக நல்ல படங்கள். முட்டுக் கற்களைத் தனித்தனியாக, அளவுகோல் வைத்து எடுத்திருக்கிறார். இப்படி ஒருவர் உழைத்தால் பதில் சொல்லவும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

மேட்டுப் பக்கத்து முட்டு தனிக் கல்லே இல்லை. தரைப் பாறை அங்கே முண்டு போல எழுந்திருக்கிறது. பெரும்பாறையில் இறங்கும் கரும்பட்டை அந்த முண்டிலும் தொடர்கிறது, நான்காவது படத்தில் அது ஐயமில்லாமல் தெரிகிறது. பள்ளத்துப் பக்கத்து இடது முட்டு தனிக் கல். ஆனால் அதன் மேல்முகமும் பாறையின் அடிமுகமும் ஒன்றுக்கொன்று பொருந்தும் வளைவில் இருக்கின்றன, நடுவில் நொறுங்கல் படலம். அதுவும் அதே பாறையிலிருந்து பிரிந்ததுதான். காகிதம் இரண்டிலும் முட்டியது என்று எழுதியிருக்கிறார்.

மூன்றாவது கல்தான் வேறு. நிறம் கறுப்பு, நுண்ணிய மணிகள், விளிம்புகள் நீரில் உருண்டு மழமழப்பாகியிருக்கின்றன. சரிவின் அடியில் ஓடை இருப்பதாக அவரே சொல்லியிருக்கிறார். காகிதம் அதன் மேல் தடையில்லாமல் போய் வந்தது. அடிப்பக்கத்தில் நசுங்கிய பாசித் திட்டு ஒன்று தெரிகிறது. ஓடைக்கல் தானாக மேட்டில் ஏறாது.

அப்படியானால் பாறையைத் தாங்குவது எது? ஆறாவது படத்தின் இருட்டான மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புக் கல்லுக்குப் பின்னால், கையளவு தள்ளி, பாறையின் அடி தரைப் பாறையை நேராகத் தொடுகிறது. அதுதான் மூன்றாவது கால். கறுப்புக் கல் அதை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

என் முடிவு: பாறை அங்கேயே பிறந்து, அடியில் இருந்தது போய், அப்படியே நின்றுவிட்டது. ஒரு கல் மட்டும் மனிதர் வைத்தது, அதுவும் பாறை நிலைகொண்ட பிறகு.

ஏப்ரல் 7

“அந்தக் கறுப்புக் கல்லை எடுத்துவிட்டால் பாறை அசல் நிலைக்கு வந்துவிடும் அல்லவா?” என்று கேட்கிறார். எடுக்க வேண்டாம். கோடையில் காகிதம் நுழையும் இடைவெளி, மழைக்காலத்தில் அடிமண் ஊறி இறங்கும்போது அடைபடலாம். இன்று சுமை தாங்காத கல் அப்போது தாங்கத் தொடங்கியிருக்கலாம். அதன் அடியில் நசுங்கியிருக்கும் பாசியும், சுற்றிப் படிந்திருக்கும் மண்ணும்தான் அது எப்போது வந்தது என்பதற்கு மிஞ்சியிருக்கும் தடயம். கல்லை உருவினால் இரண்டும் போய்விடும். மழைக்குப் பிறகு ஒருமுறை போய், அதே இடத்தில் காகிதத்தை மட்டும் விட்டுப் பாருங்கள். ஓடைக்கும் பாறைக்கும் நடுவே அதே கறுப்புக் கற்கள் வேறெங்காவது குவிந்து கிடக்கின்றனவா என்பதையும் பார்த்து எழுதுங்கள். குவியல் இருந்தால் நான் மேலே எழுதியதில் பாதியைத் திரும்ப எடுத்துப் பேச வேண்டியிருக்கும்.